தப்பு நடந்ததும் பெஞ்சைப் பார்க்கும் பிள்ளை

கேள்வி: ஐயா, நாங்கள் அருமனைப் பக்கம். வீட்டுக்காரருக்கு ரப்பர் பால்வெட்டு. மகள் பத்தாம் வகுப்பு, பள்ளிக் கூடைப்பந்து அணியில் பாயிண்ட் கார்ட், அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவள். உயரம் குறைவுதான், ஆனால் பந்து அவள் சொன்னபடி கேட்கும். போன வருஷம்வரை சந்தோஷமாக விளையாடினாள். இந்த வருஷம் புது கோச் சார் வந்திருக்கிறார். ஒரு பாஸ் தவறினால் உடனே வெளியே எடுத்துவிடுகிறார். உள்ளே நிற்கும்போதும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கோட்டுக்கு வெளியே நின்று அவரே சத்தம் போட்டுச் சொல்கிறார். "நீ ஷூட் பண்ணாதே, பாஸ் மட்டும் போடு" என்கிறார். மேட்ச் நெருக்கமாகப் போனால் உயரமான பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் பந்தைக் கொடுத்துவிட்டு இவளை மூலையில் நிறுத்துகிறார். கெட்ட வார்த்தை பேசுவதில்லை, நல்ல மனுஷன்தான். ஆனால் பந்து கையைவிட்டுப் போனதும் என் மகள் இப்போது முதலில் பெஞ்சைத்தான் பார்க்கிறாள். அவள் அப்பா கேலரியிலிருந்து "மக்களே, பாஸ் போடு" என்று கத்துகிறார். நாகர்கோவிலில் ஒரு பள்ளியில் ஹாஸ்டலோடு இடம் தருகிறோம் என்கிறார்கள், ஆனால் ஷூட்டிங் கார்டாக, அதாவது ரிங்கில் எறிகிற வேலைக்குத்தான், ஆட வைப்பார்களாம். பள்ளி மாற்றலாமா? கோச்சிடம் பேசலாமா?
— ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது ஒரு வரியைத்தான். பந்து போனதும் பெஞ்சைப் பார்க்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பெற்றோர் பலருக்குக் கண்ணில் படாத விஷயம் அது.

அந்த இரண்டு நொடியில் கோர்ட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பாஸ் பறிபோகிறது. எதிரணிப் பிள்ளை பந்தோடு ஓடத் தொடங்குகிறாள். பாயிண்ட் கார்ட் பெரும்பாலும் மேலே, நடுக்கோட்டுக்குப் பக்கமாக நிற்பவள். தன் பக்கத்து ரிங்கைக் காக்க முதலில் திரும்பி ஓட வேண்டியவளும் அவள்தான். ஆனால் உங்கள் மகளின் தலை பெஞ்ச் பக்கம் போகிறது. தனக்குப் பதிலாக யாராவது எழுந்து ஸ்கோர் டேபிளுக்குப் போகிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்க்கிறாள். அதற்குள் அங்கே ரிங்குக்குப் பக்கத்திலிருந்து எளிதாகப் போடும் லே-அப் விழுந்துவிடுகிறது. கோச்சின் கண்ணில் படுவது வேறு: பந்தையும் விட்டாள், திரும்பியும் ஓடவில்லை. அதனால் வெளியே எடுக்கிறார். அடுத்த மேட்சில் அவள் இன்னும் சீக்கிரம் திரும்பிப் பார்க்கிறாள். இருவரிடமும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனாலும் நிலைமை வாரத்துக்கு வாரம் மோசமாகிறது.

பாயிண்ட் கார்டின் வேலையே முடிவெடுப்பது. பந்து கைக்கு வந்ததிலிருந்து 8 நொடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். மொத்தம் 24 நொடிக்குள் அணி ரிங்கை நோக்கி எறிந்தாக வேண்டும். அதற்குள் யார் காலியாக நிற்கிறார்கள், எந்தத் தடுப்பாட்டக்காரி சோர்ந்திருக்கிறாள், வேகமாகப் போகலாமா, நிதானிக்கலாமா என்று எல்லாவற்றையும் அவள் தீர்மானிக்க வேண்டும். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போகும் டிரிபிளை வீட்டு முற்றத்தில்கூடப் பழகிக்கொள்ளலாம். முடிவெடுக்கப் பழக மேட்ச் வேண்டும், தவறுவதற்கு இடமும் வேண்டும். அதனால் ஒரு கோச் சரியாக நடத்துகிறாரா என்று பார்க்க நான் எத்தனை நிமிடம் ஆட வைத்தார் என்று எண்ணுவதில்லை. அந்த நிமிடங்களில் முடிவு யார் கையில் இருந்தது என்றுதான் பார்ப்பேன்.

உங்கள் வீட்டுக்காரருக்கு இது சட்டென்று புரியும். பால்வெட்டுப் பழகுகிறவனுக்குக் கத்தி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், மேலோடு போனால் பால் குறைவு. அந்த ஆழம் கைக்குப் பிடிபடும்வரை சில மரங்களில் காயம் விழத்தான் செய்யும். பக்கத்தில் நிற்கிற மூத்தவர் ஒவ்வொரு வெட்டுக்கும் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தால் அந்த ஆழம் என்றைக்கும் பிடிபடாது.

கோச் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நம் பள்ளிப் போட்டிகள் பெரும்பாலும் நாக்-அவுட். குறுவட்டத்தில் ஒரு மேட்ச் தோற்றால் அந்தப் போட்டி அத்தோடு முடிந்தது, வருவாய் மாவட்டப் போட்டி பற்றிய பேச்சுக்கே இடமில்லை. கோப்பை எங்கே என்று பள்ளியில் அவரைத்தான் கேட்பார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது கடைசி வருஷம், அவளுக்கும் சான்றிதழ் வேண்டும். இத்தனையையும் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிற ஒருவர், இரண்டு பாயிண்ட் வித்தியாசத்தில் கடைசி இரண்டு நிமிடம் ஓடும்போது பந்தை உயரமான சீனியரிடம் கொடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன். உயரமான பிள்ளைக்கு எதிராளியின் தலைக்கு மேலாகப் பார்க்க முடியும், எதிரணி நெருக்கிப் பிடிக்கும் பிரஸ் வந்தால் பாஸும் எளிது. எனக்கு இருக்கிற வருத்தமெல்லாம், போட்டியில் கொடுக்க முடியாத வாய்ப்பைப் பயிற்சியிலும் ஃபிரெண்ட்லி மேட்சிலும் கொடுக்காமல் விடுகிறார்களே என்பதில்தான்.

இனி நீங்கள் எழுதியவற்றில் முதலாவது, தவறியதும் வெளியே எடுப்பது.

எல்லாத் தப்பும் ஒரே தப்பு இல்லை. காலியாக நின்ற தோழியைச் சரியாகப் பார்த்து எறிந்தாள், பந்து கொஞ்சம் பின்னால் போய்விட்டது. அது கைப்பழக்கம். மூன்று பேருக்கு நடுவே எறிந்தாள் என்றால் முடிவே தவறு. சரியான இடத்துக்குத்தான் எறிந்தாள், வாங்க வேண்டியவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றால் அது இவள் கணக்கே இல்லை. ஸ்கோர் ஷீட் எழுதுகிறவருக்கு மூன்றும் டர்ன்ஓவர், பந்தைப் பறிகொடுத்த கணக்கு. கோச்சுக்கு அப்படி இருக்கக் கூடாது. மூன்றுக்கும் ஒரே தண்டனை விழுந்தால் பிள்ளை ஒரே பாடத்தைத்தான் படிப்பாள்: எறியாமல் இருந்தால் தப்பில்லை. அப்புறம் அவள் பக்கத்தில் நிற்பவளுக்கு மட்டும் பாஸ் போடுவாள். பார்க்க ஒழுங்காக இருக்கும், தப்பும் குறையும். ஆனால் பாயிண்ட் கார்டாக அவளுடைய வளர்ச்சி அங்கே நின்றுவிட்டது என்று அர்த்தம்.

வெளியே எடுக்கவே கூடாதா என்றால், எடுக்கலாம். மூச்சு வாங்குகிறாள், நாலு ஃபவுல் ஆகிவிட்டது, பதறிப்போய் ஒரே தப்பை மூன்றாவது முறை செய்கிறாள் என்றால் எடுக்கத்தான் வேண்டும். எடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, "அந்த எட்டாம் நம்பரைப் பார், பாஸ் வருவதற்கு முன்னாலேயே கை நீட்டுகிறாள், உள்ளே போனால் அவளை எப்படி ஏமாற்றுவாய்?" என்று ஒரு கேள்வி கேட்டால், அந்த மூன்று நிமிட பெஞ்ச் ஒரு வகுப்பு. ஒன்றும் சொல்லாமல் உட்கார வைத்தால் வெறும் தண்டனை.

அமெரிக்க என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்குப் பாயிண்ட் கார்டாக ஆடிய டோனி பார்க்கரை உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கலாம். கோச் கிரெக் போபோவிச் முதல் சோதனை ஆட்டத்தில் அவரைப் பார்த்துத் திருப்திப்படவில்லை, ஆனாலும் மறுபடி கூப்பிட்டுப் பார்த்தார். 2001இல், புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வில் 28ஆவது ஆளாக எடுத்து, 19 வயதுப் பையனை முதல் சீசனிலேயே முதல் ஐவரில் இறக்கிவிட்டார். 2003 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம், ஜெயித்தால் கோப்பை. அதன் கடைசிக் குவார்ட்டரில் பார்க்கரை உட்கார வைத்துவிட்டு மாற்று பாயிண்ட் கார்ட் ஸ்பீடி கிளாக்ஸ்டனை ஆட வைத்தார். கோப்பை கிடைத்தது. அந்தக் கோடையில் அனுபவசாலியான பாயிண்ட் கார்ட் ஜேசன் கிட்டைக் கொண்டுவரவும் அணி முயன்றது. அவர் வரவில்லை. அடுத்த சீசனில் பந்து மறுபடி பார்க்கரிடமே வந்தது. 2007 இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் பார்க்கர்தான். பெரிய மேட்சில் உட்கார வைத்ததால் அவர் கெட்டுப்போகவில்லை, ஏனென்றால் பந்தை மறுபடி அவர் கையில் கொடுத்தார்கள். உங்கள் மகளின் கோச் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறாரா? அடுத்த குவார்ட்டரிலாவது, அடுத்த மேட்சிலாவது? இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அடுத்தது, வெளியே நின்று ஒவ்வொன்றையும் சொல்லிக்கொடுப்பது. நம் பள்ளிக் கோர்ட்டுகளில் கோச் போடும் சத்தம் அவள் காதில் விழும்போது எதிரணிக் காதிலும் விழுகிறது. அதைவிடப் பெரிய நஷ்டம், அவள் கண் கோட்டுக்கு வெளியே போகிறது. கேட்டு, புரிந்து, திரும்பிப் பார்ப்பதற்குள் காலியாக நின்றவளை மூடிவிடுவார்கள். ஏற்கெனவே பழகி வைத்த ஒரு ஆட்டத் திட்டத்தின் (பிளே) பெயரை முன்கூட்டிச் சொல்வது, டைம் அவுட்டில் சொல்வது எல்லாம் சரி. பந்து ஓடிக்கொண்டிருக்கும்போது கோச் வாயை மூடியிருப்பது கஷ்டம்தான், எனக்கும் தெரியும். ஆனால் பாயிண்ட் கார்டை வளர்க்க நினைப்பவர் அந்தக் கஷ்டத்தைப் பட்டே ஆக வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரர் கேலரியிலிருந்து கத்துவதும் இதே கணக்கில்தான் வரும். பாசத்தில் சொல்கிறார். ஆனால் ஏற்கெனவே ஒரு குரலுக்குத் தடுமாறுகிற பிள்ளைக்கு அது இரண்டாவது குரல். கைதட்டட்டும், பேர் சொல்லி உற்சாகப்படுத்தட்டும், "பாஸ் போடு" மட்டும் வேண்டாம். அவருக்கு வேறொரு வேலை தருகிறேன். ஒரு நோட்டில் மூன்று பத்தி கோடு போடச் சொல்லுங்கள். பந்து போன ஒவ்வொரு தடவையும், முடிவு தவறா, கை தவறா, வாங்குபவள் தவறா என்று எதிரே ஒரு கோடு. மூன்று மேட்ச் எழுதினாலே ஒரு உருவம் தெரியும். வீட்டுக்கு வரும் வழியில், பஸ்ஸில், மேட்சைப் பற்றிப் பேசாதீர்கள். சாப்பிட்டு முடித்து அவளே ஆரம்பித்தால், "ஏன் அங்கே எறிந்தாய்?" என்று கேட்காமல் "அப்போது உனக்கு யாரெல்லாம் தெரிந்தார்கள்?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குச் சமாதானம்தான் பதிலாக வரும். இரண்டாவதற்கு அவள் கோர்ட்டை மனசில் திரும்பப் பார்ப்பாள்.

"ஷூட் பண்ணாதே" என்பது எனக்கு மிகவும் கவலை தருகிற விஷயம். பாஸ் போடுகிறவள்தானே, ஷூட் எதற்கு என்று தோன்றும். இவள் எறிய மாட்டாள் என்று தெரிந்த நிமிடமே இவளைத் தடுக்க வேண்டியவள் மூன்றடி பின்வாங்கி, பாஸ் போகிற பாதையில் கையை விரித்து நின்றுவிடுவாள். அதாவது ஷூட்டை நிறுத்தினால் பாஸும் செத்துவிடும். உயரம் குறைந்த பிள்ளைக்கு இது இன்னும் பாதகம். எதிராளி நெருங்கி வந்தால்தான் அவளைத் தாண்டி உள்ளே புக முடியும், நெருங்கி வர வைப்பது ஷூட் வருமோ என்ற பயம் மட்டும்தான்.

ஒருவேளை அவளுடைய ஷூட்டிங் முறை சரியில்லை என்று கோச் நினைக்கலாம். அப்படியானால் திருத்த வேண்டும், திருத்துவதற்கு ஒரு காலமும் உண்டு. என்.பி.ஏ. நட்சத்திரம் ஸ்டீபன் கரி பள்ளியில் படிக்கும்போது ஒல்லியான பையன், பந்தை இடுப்புப் பக்கத்திலிருந்து எறிவார். பெரிய பையன்கள் சுலபமாகத் தடுத்துவிடுவார்கள் என்பதால், முன்னாள் ஆட்டக்காரரான அப்பா டெல் கரி ஒரு கோடை விடுமுறையில் அந்த முறையை அடியோடு மாற்றி, தலைக்கு மேலிருந்து எறியப் பழக்கினார். பல வாரங்கள் கரியால் ரிங்குக்குப் பக்கத்தைத் தவிர வேறெங்கிருந்தும் ஒழுங்காக எறிய முடியவில்லை. சீசன் நடுவில் இதைச் செய்திருந்தால் பையன் நொறுங்கியிருப்பான். விடுமுறையில் செய்ததால் மோசமாக ஆட அவகாசம் கிடைத்தது. உங்கள் மகளுக்கும் ஏப்ரல், மே மாதங்கள் அப்படிப்பட்ட காலம். நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்தில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் கோடைப் பயிற்சி முகாமில் கூடைப்பந்து இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள், சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். பந்தில் அச்சிட்டிருக்கும் எண் என்ன? பெண்கள் ஆட்டத்துக்கு 6ஆம் எண் பந்து, சுற்றளவு சுமார் 28.5 அங்குலம். பையன்களுடையது 7ஆம் எண், ஒரு அங்குலம் பெரியது, எடையும் கூடுதல். பள்ளியில் இருக்கிற நாலு பந்தும் 7ஆம் எண்ணாக இருந்து, பிள்ளைகள் அதிலேயே பழகுவது நம் ஊரில் சகஜம். சின்னக் கைக்குப் பெரிய பந்து என்றால் தூரத்திலிருந்து எறியும்போது தோளையும் இடுப்பையும் போட்டு உந்துவாள், முறை கோணலாகும். இந்த ஒன்றை நீங்களே கேட்டு மாற்றிவிடலாம், எந்தக் கோச்சும் கோபப்பட மாட்டார்.

மூலையில் நிறுத்துவது பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. பந்து இல்லாமல் நிற்கும்போது பாஸ் எப்போது வேண்டும், எந்த உயரத்தில் வேண்டும் என்று தெரிகிறது. நல்ல பாயிண்ட் கார்டுகள் அதையும் படிக்க வேண்டும். எப்போதும் அதே இடம், எப்போதும் கடைசி நிமிடங்களில் என்றால் மட்டும் பேச வேண்டும்.

சரி, எப்படிப் பேசுவது? முதலில் நீங்கள் போகாதீர்கள், மகளை அனுப்புங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை கோச்சிடம் போய், "சார், நெருக்கமான மேட்சில் பந்து என்கிட்ட இருக்கணும்னா நான் என்ன சரி பண்ணணும்?" என்று கேட்கலாம். ஏன் என்னை எடுத்தீர்கள் என்று கேட்டால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுவார். என்ன சரி பண்ண வேண்டும் என்று கேட்டால் கற்றுக்கொடுக்க ஆரம்பிப்பார். கோர்ட்டில் நாலு பேரை நடத்த வேண்டியவளுக்கு இப்படிக் கேட்பதும் பயிற்சிதான். ஒரு மாதத்தில் ஒன்றும் மாறவில்லை என்றால் நீங்கள் இருவரும் போங்கள். மேட்ச் நாளில் வேண்டாம், மற்ற பிள்ளைகள் முன்னால் வேண்டவே வேண்டாம். போகும்போது இரண்டே இரண்டு விஷயம் கேளுங்கள். பயிற்சி மேட்சில் ஒரு குவார்ட்டர் மட்டும் சார் ஒன்றும் சொல்லாமல் அவளையே நடத்த விடலாமா? பந்து போனதும் வெளியே எடுக்காமல், திரும்பி ஓடுகிறாளா என்று பார்த்துவிட்டு, அடுத்த இரண்டு முறையாவது பந்தைக் கொண்டுபோக விடலாமா? இரண்டாவதற்கு அவர் ஒத்துக்கொண்டு அதை அவளிடமும் சொல்லிவிட்டால், அந்தப் பெஞ்ச் பார்வை மெல்ல நின்றுவிடும். தப்பு நடந்தாலும் இடம் போகாது என்று தெரிந்தால் பிள்ளை பந்தின் பின்னால் ஓடுவாள்.

பள்ளிக்கு வெளியேயும் வாய்ப்பு தேடுங்கள். மூன்று பேர் ஆடும் 3x3 ஆட்டம் அவளுக்கு மிகவும் நல்லது. 12 நொடிக்குள் எறிந்தாக வேண்டும், வெளியே நிற்பவர் முகத்தைப் பார்க்க நேரமே கிடையாது. ஒதுங்கி நிற்க மூலையும் கிடையாது. அரைக் கோர்ட்டும் ஆறு பிள்ளைகளும் இருந்தால் போதும். நம் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. சிமென்ட் கோர்ட்டில் பாசி பிடித்து வழுக்கும் நாட்களில் பிள்ளைகளை இறக்க வேண்டாம், கணுக்கால் பிசகினால் சீசனே போய்விடும். அந்த நாட்களில் செல்போனில் ஒரு நல்ல மேட்சைப் போட்டு, பாஸ் போவதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்தி, "இப்போ நீ யாருக்குக் கொடுப்பாய்?" என்று கேளுங்கள். அவள் தப்பாகச் சொன்னாலும் திருத்தாதீர்கள், ஓட விட்டுப் பாருங்கள்.

பள்ளி மாற்றம் இப்போது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முன்னால் நிற்கிறது. வருஷ நடுவில் புது ஹாஸ்டல், புது டீச்சர்கள், புது இடம் என்று எல்லாவற்றையும் ஒன்றாக அவள் தலையில் ஏற்றாதீர்கள். தேர்வு முடிந்து பதினொன்றாம் வகுப்புக்கு யோசிக்கலாம். அப்போது அந்த நாகர்கோவில் பள்ளிக் கோச்சிடம், அவர்கள் அணியின் பாயிண்ட் கார்ட் யார், எந்த வகுப்பு, அவள் போன பிறகு பந்து யார் கையில் என்று கேளுங்கள். ஷூட்டிங் கார்டாக ஒரு வருஷம் ஆடுவதில் தப்பில்லை, ஷூட்டிங் வளரும். இரண்டு வருஷமும் அப்படியே என்றால் நான் யோசிப்பேன். ஒரு பயிற்சி நாளுக்கு முன்னறிவிப்பு இல்லாமல் போய்ப் பாருங்கள். பாஸ் தவறியதும் அந்தப் பிள்ளைகளின் கண் எங்கே போகிறது என்று பார்த்தாலே உங்களுக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்தப் பொறுமையெல்லாம், நீங்கள் சொன்னதுபோல கோச் நல்ல மனுஷனாக இருக்கும்வரைதான். எங்கே போனாலும், கை நீட்டுவது, உடம்பைப் பற்றிக் கேலி பேசுவது, வலியோடு ஆட வைப்பது என்று எது நடந்தாலும் அன்றைக்கே தலைமையாசிரியரிடம் போங்கள். அங்கே பேச்சுவார்த்தைக்கு இடமில்லை.

முதல் வேலையாக அந்த நோட்டைத் தொடங்குங்கள். மூன்று மேட்ச் முடிந்ததும் எந்தப் பத்தியில் கோடு அதிகம் என்று எனக்கு எழுதுங்கள். கை தவறுதான் அதிகம் என்றால் வீட்டிலேயே செய்யக்கூடிய பாஸ் பயிற்சிகள் இருக்கின்றன, முடிவு தவறு என்றால் பயிற்சியே வேறு. அவள் என்ன சொல்கிறாள் என்பதையும் அவள் கையாலேயே நாலு வரி எழுதச் சொல்லி அனுப்புங்கள்.